ஏற்காட்டில் எச்டி தொலைக்காட்சிக்கான கேபிள்களைத் தேர்ந்தெடுத்தல்

எச்டி எனப்படும் உயர் வரையறைத் தொலைக்காட்சியை வீட்டில் அமைக்கும்போது, தொலைக்காட்சிப் பெட்டி, செட் டாப் பாக்ஸ், டிஷ் ஆகியவற்றுடன் அவற்றை இணைக்கும் கேபிள்களும் தேவைப்படுகின்றன. இவற்றில் எதற்கு அதிகம் செலவிட வேண்டும், எதற்குக் குறைவாகச் செலவிட்டால் போதும் என்பதில் பொதுவாகக் குழப்பம் உண்டு. கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் விலை உயர்ந்த எச்டிஎம்ஐ கேபிளே படத்தின் தரத்தைத் தீர்மானிக்கிறது என்று பலர் நம்புகின்றனர். உண்மையில், வீட்டுக்குள் இருக்கும் ஒன்றரை மீட்டர் கேபிளைவிட, வீட்டுக்கு வெளியே மழையிலும் வெயிலிலும் கிடக்கும் முப்பது மீட்டர் கேபிளும் அதன் இரு முனைகளும்தான் அதிகப் பழுதுக்குக் காரணமாகின்றன. சேலம் மாவட்டத்தின் சேர்வராயன் மலையில் உள்ள ஏற்காடு போன்ற ஊர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். இக்கட்டுரை ஏற்காட்டின் சூழலை எடுத்துக்காட்டாகக் கொண்டு, குறைந்த செலவில் சரியான கேபிள்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை விளக்குகிறது.

மலைச் சூழல்

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேலத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவு. வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மறந்துபோன ஒரு பொருளை வாங்க மீண்டும் சேலத்துக்கு இறங்கி ஏறும் செலவு, பல நேரங்களில் அந்தப் பொருளின் விலையைவிட அதிகம். ஆகவே எதை வாங்குவது என்பதை முன்னரே அளந்து, எழுதி வைத்துக்கொண்டு செல்வதே முதல் சிக்கனம்.

கேபிள்களைப் பொறுத்தவரை இம்மலையில் கவனிக்க வேண்டியவை நான்கு. முதலாவது ஈரம். ஆண்டின் பல மாதங்களில் மூடுபனியும் தூறலும் இருப்பதால், திறந்த உலோக முனைகள் விரைவில் களிம்பு ஏறுகின்றன. இரண்டாவது மரங்கள். காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கப்படும் சில்வர் ஓக் மரங்கள் நெடிதுயர்ந்து வானத்தை மறைக்கின்றன. மூன்றாவது இடி மின்னல். கோடை மழையின்போதும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் இது மிகுதி. நான்காவது குரங்குகள். தொங்கும் கேபிளைப் பிடித்து இழுப்பதும் கடிப்பதும் அவற்றுக்கு வழக்கம்.

இந்நான்கும் வீட்டுக்கு வெளியே உள்ள கேபிளைத்தான் தாக்குகின்றன. தொலைக்காட்சிக்குப் பின்னால் இருக்கும் எச்டிஎம்ஐ கேபிளுக்கு இவற்றால் நேரடிப் பாதிப்பு இல்லை.

படத்தின் அளவு: ஓர் எளிய கணக்கு

தொலைக்காட்சிப் படம் சிறு சிறு புள்ளிகளால் ஆனது. இந்தியாவில் வழக்கத்தில் உள்ள சாதாரண ஒளிபரப்பில் ஒரு வரியில் 720 புள்ளிகள், மொத்தம் 576 வரிகள். இரண்டையும் பெருக்கினால் 4,14,720 புள்ளிகள் கிடைக்கும். முழு எச்டி படத்தில் 1920 புள்ளிகள், 1080 வரிகள். மொத்தம் 20,73,600 புள்ளிகள். அதாவது எச்டி படத்தில் சாதாரணப் படத்தைப் போல் சரியாக ஐந்து மடங்கு விவரம் இருக்கிறது. 4கே எனப்படுவது 3840 புள்ளிகள், 2160 வரிகள் கொண்டது. இது முழு எச்டியைப் போல் நான்கு மடங்கு.

சந்தையில் 32 அங்குல அளவில் விற்கப்படும் பெட்டிகளில் பல 'எச்டி ரெடி' வகையைச் சேர்ந்தவை. இவற்றின் திரையில் 1366 புள்ளிகளும் 768 வரிகளுமே உள்ளன. இத்தகைய பெட்டிக்கு '4கே', '8கே' என்று அச்சிட்ட கேபிளை வாங்கி மாட்டினாலும், திரையில் இல்லாத புள்ளிகளைக் கேபிள் உண்டாக்காது.

மஞ்சள், சிவப்பு, வெள்ளை

செட் டாப் பாக்சுடன் வரும் மூன்று நிற முனைகள் கொண்ட கேபிளை ஏவி கேபிள் என்பர். மஞ்சள் முனை படத்தையும், சிவப்பும் வெள்ளையும் ஒலியையும் கொண்டு செல்கின்றன. தமிழ்நாடு அரசு 2006ஆம் ஆண்டில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வழங்கப்பட்ட 14 அங்குலப் பெட்டிகளின் காலத்தில் இக்கேபிள் வீடுதோறும் பழக்கமானது. அப்பெட்டிகளுக்கு அது போதுமானதாகவும் இருந்தது.

ஆனால் மஞ்சள் முனை வழியாக எச்டி படம் செல்லாது. செட் டாப் பாக்ஸ் எச்டி வகையாக இருந்தாலும், பெட்டி எச்டி வகையாக இருந்தாலும், இடையில் ஏவி கேபிள் இருந்தால் திரைக்கு வருவது 576 வரிப் படமே. பழைய பெட்டியை மாற்றிப் புதியது வாங்கியபோது, பழைய கேபிளை அப்படியே செருகிவிடும் வீடுகளில் இந்நிலை நீடிக்கிறது. பெட்டி பெரியதாக இருப்பதால் படம் மங்கலாகத் தெரியும். பெட்டியே தரமற்றது என்று எண்ணிக்கொள்வார்கள்.

இதில் மாதந்தோறும் பண இழப்பும் உண்டு. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017இல் வெளியிட்ட கட்டண ஆணை 2019இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, வலையமைப்புக் கட்டணக் கணக்கில் ஓர் எச்டி சேனல் இரண்டு சாதாரண சேனல்களாக எண்ணப்பட்டது. சேனலின் விலையும் பெரும்பாலும் எச்டிக்கு அதிகம். எச்டி சேனலுக்குப் பணம் கட்டிவிட்டு ஏவி கேபிளில் பார்ப்பவர், கட்டிய பணத்துக்குரிய படத்தைப் பெறுவதில்லை. இந்த ஒரு குறையைச் சரிசெய்யச் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஓர் எச்டிஎம்ஐ கேபிள் போதும்.

இதன் மறுபக்கத்தையும் அறிந்திருக்க வேண்டும். செட் டாப் பாக்ஸ் சாதாரண வகையாக இருந்தால் எச்டிஎம்ஐ கேபிள் அதை எச்டி ஆக்காது. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க் கட்டணத்தில் சேவையைத் தொடங்கி, 2017 செப்டம்பர் முதல் வீடுகளுக்கு செட் டாப் பாக்ஸ்களை விலையின்றி வழங்கியது. எந்த நிறுவனத்தின் பாக்ஸ் ஆனாலும், அது எச்டி வகையா என்பதை உள்ளூர் ஆபரேட்டரிடம் கேட்டறிந்த பிறகே கேபிளுக்குச் செலவிட வேண்டும்.

எச்டிஎம்ஐ கேபிள்

எச்டிஎம்ஐ என்பது படம், ஒலி இரண்டையும் எண்ணியல் வடிவில் ஒரே கேபிளில் கொண்டு செல்லும் இணைப்பு முறை. இதன் முதல் வரையறை 2002 டிசம்பரில் வெளியானது. வழக்கமான முனையில் 19 ஊசிகள் உள்ளன.

எண்ணியல் முறையைப் பழைய தந்தியுடன் ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளலாம். தந்தியில் புள்ளியும் கோடும் பிழையின்றி வந்து சேர்ந்துவிட்டால் செய்தி முழுமையாக வந்துவிட்டது. கம்பி தடிமனாக இருந்ததாலோ விலை அதிகம் என்பதாலோ செய்தியின் பொருள் கூடுவதில்லை. அதுபோல எச்டிஎம்ஐ கேபிளில் சுழிகளும் ஒன்றுகளும் சரியாகச் சென்று சேர்ந்தால், 200 ரூபாய் கேபிளிலும் 5,000 ரூபாய் கேபிளிலும் ஒரே படமே தோன்றும். நிறம் செழிப்பாவதும் கறுப்பு ஆழமாவதும் கேபிளால் நிகழ்வதில்லை.

ஒரு கேபிள் எவ்வளவு தரவைத் தாங்க வேண்டும் என்பதைக் கணக்கிட முடியும். இந்திய எச்டி சேனல்களில் வழக்கமான 1080ஐ வகைப் படத்துக்கு நொடிக்கு 7.425 கோடி புள்ளிகள் அனுப்பப்படுகின்றன. திரையில் தெரியாத இடைவெளிப் புள்ளிகளும் இதில் அடங்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று நிறங்கள், ஒவ்வொரு நிறத்துக்கும் கேபிளில் 10 பிட்கள். பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 2.23 ஜிகாபிட். மற்ற வகைகளுக்கு இதே முறையில் கிடைக்கும் அளவுகள் பின்வருமாறு:

1080ஐ, 720பி: 2.23 ஜிகாபிட்
1080பி, நொடிக்கு 50 அல்லது 60 படங்கள்: 4.46 ஜிகாபிட்
4கே, நொடிக்கு 30 படங்கள்: 8.91 ஜிகாபிட்
4கே, நொடிக்கு 60 படங்கள்: 17.82 ஜிகாபிட்

இனி கேபிளின் வகைகள். 'ஹை ஸ்பீடு' என்ற வகை 10.2 ஜிகாபிட் வரை தாங்கும். 'பிரீமியம் ஹை ஸ்பீடு' 18 ஜிகாபிட் வரையும், 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' 48 ஜிகாபிட் வரையும் சோதிக்கப்பட்டவை. டிடிஎச் அல்லது கேபிள் வழியாக எச்டி சேனல் பார்க்கும் வீட்டுக்குத் தேவை 2.23 அல்லது 4.46 ஜிகாபிட் மட்டுமே. ஆகவே சாதாரண 'ஹை ஸ்பீடு' கேபிளே தேவையைப் போல் இரண்டு முதல் நான்கு மடங்கு வரை திறன் கொண்டது. 4கே பெட்டியில் இணையம் வழியாகப் படம் தரும் தனிக் கருவியை இணைப்பவர் 'பிரீமியம் ஹை ஸ்பீடு' வாங்கலாம். புதிய விளையாட்டுக் கருவிகள் வைத்திருப்போருக்கு மட்டுமே 'அல்ட்ரா' வகை பயன்படும்.

வாங்கும்போது உறையில் 'எச்டிஎம்ஐ 1.4', '2.0', '2.1' என்ற எண்கள் காணப்படலாம். இவை கருவிகளுக்கான வரையறை எண்கள். கேபிளை அடையாளம் காணச் சரியான வழி மேற்சொன்ன வகைப் பெயரே. பிரீமியம், அல்ட்ரா வகைகளின் உறையில் கைபேசியால் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் முத்திரை இருக்கும்.

தங்க முலாம் பூசிய முனை படத்தை மேம்படுத்தாது. ஆனால் தங்கம் களிம்பு ஏறாது என்பதால், ஏற்காடு போன்ற ஈரமான ஊரில் அது ஆண்டுக்கணக்கில் நல்ல தொடுகையைத் தரும். மெல்லிய தங்க முலாம் விலை குறைந்த கேபிள்களிலும் உண்டு. அதற்கெனத் தனியாக அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை.

நீளத்தைத் தேவைக்கு மேல் வாங்காதிருப்பது நல்லது. நீளம் கூடக் கூட அதிக வேகத் தரவு பலவீனமடையும். 1080 வரிப் படத்துக்குப் பத்து மீட்டர் வரை பொதுவாகத் தடையிராது. 4கே, 60 படங்கள் என்றால் ஐந்து மீட்டருக்குள் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. பெட்டிக்கும் செட் டாப் பாக்சுக்கும் இடையே ஒன்றரை மீட்டர் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும்.

டிஷ்சிலிருந்து வரும் கேபிள்

டிஷ்சையும் செட் டாப் பாக்சையும் இணைக்கும் வட்டமான கேபிளைக் கடைகளில் டிஷ் வயர் அல்லது ஆர்ஜி-6 வயர் என்று கேட்டால் தருவார்கள். தமிழில் இதை ஓரச்சு வடம் என்பர். நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி வெண்ணிற நுரை, அதன்மேல் அலுமினியத் தாள், அதன்மேல் மெல்லிய கம்பி வலை, வெளியே பிளாஸ்டிக் உறை என ஐந்து அடுக்குகள் கொண்டது. நடுக்கம்பியும் வலையும் ஒரே அச்சைச் சுற்றி அமைந்திருப்பதால் இப்பெயர் வந்தது. தொலைக்காட்சிக்கு 75 ஓம் வகையே பயன்படுத்தப்படுகிறது.

டிஷ்சின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பி என்ற கருவி, செயற்கைக்கோளிலிருந்து வரும் 10.7 முதல் 12.75 ஜிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளை 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையிலானவையாகக் குறைத்துக் கேபிளில் அனுப்புகிறது. அதே கேபிள் வழியாகவே செட் டாப் பாக்ஸ் எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் தருகிறது. இரண்டு மின்னழுத்தங்களும் இரண்டு வகை அலைகளைத் தேர்ந்தெடுப்பதற்கானவை. முனையில் களிம்பு ஏறி மின்னழுத்தம் குறைந்தால், சில சேனல்கள் வரும், சில வராது என்ற விசித்திரமான பழுது தோன்றுவது இதனால்தான்.

ஆர்ஜி-59 என்ற மெல்லிய வகை விலை குறைவு. ஆனால் டிஷ்சுக்கு அது ஏற்றதன்று. 2150 மெகாஹெர்ட்சில் 100 மீட்டருக்கு ஆர்ஜி-6 கேபிளில் சுமார் 32 டெசிபல் இழப்பும், ஆர்ஜி-59 கேபிளில் சுமார் 40 டெசிபல் இழப்பும் ஏற்படும். தோட்டத்து வீடு ஒன்றில் டிஷ் 40 மீட்டர் தள்ளி இருப்பதாகக் கொண்டால், இழப்புகள் முறையே 13 டெசிபல், 16 டெசிபல். வேறுபாடு 3 டெசிபல்தானே என்று தோன்றும். ஆனால் 3 டெசிபல் குறைந்தால் திறன் பாதியாகிறது என்று பொருள். மெல்லிய கேபிளில் வந்து சேரும் அலையின் திறன், ஆர்ஜி-6இல் வருவதில் பாதிதான்.

ஆர்ஜி-6 கேபிளிலும் இரு வகை உண்டு. ஒன்றில் நடுக்கம்பி முழுவதும் செம்பு. மற்றொன்றில் எஃகுக் கம்பியின்மேல் செம்புப் பூச்சு. நுனியை உரித்துக் காந்தத்தை அருகில் கொண்டு சென்றால் எஃகு ஒட்டிக்கொள்ளும்; செம்பு ஒட்டாது. உயர் அதிர்வெண் அலைகள் கம்பியின் மேற்பரப்பிலேயே ஓடுவதால், படத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. எல்என்பிக்குச் செல்லும் நேர்மின்னோட்டம் கம்பி முழுவதும் ஓடுவதால் அதற்கு மட்டும் செம்பு மேலானது. முப்பது, நாற்பது மீட்டருக்குள் செம்பு பூசிய எஃகே போதும். அதற்கு மேல் நீளம் தேவைப்படும் தோட்டங்களில் முழுச் செம்புக்குக் கூடுதலாகக் கொடுப்பது பயனுள்ள செலவு.

மரங்களைத் தவிர்க்கும் கணக்கு

நீண்ட கேபிள் தேவையா என்பதைச் சிறு முக்கோணவியல் கணக்கால் அறியலாம். டிடி ஃப்ரீ டிஷ் சேவை ஜிசாட்-15 செயற்கைக்கோள் வழியாக வருகிறது. 2015 நவம்பரில் ஏவப்பட்ட இது கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிலைகொண்டுள்ளது. ஏற்காட்டிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்குத் திசையில், அடிவானத்திலிருந்து சுமார் 67 பாகை உயரத்தில் இருக்கும். 67 பாகையின் டேன்ஜென்ட் மதிப்பு ஏறத்தாழ 2.4. எனவே டிஷ்சைவிட 20 மீட்டர் உயர்ந்து நிற்கும் சில்வர் ஓக் மரத்தின் உச்சியைத் தவிர்க்க, மரத்திலிருந்து 20 ÷ 2.4, அதாவது எட்டரை மீட்டர் வடமேற்கே டிஷ் இருந்தால் போதும். கிளைகளின் அகலத்துக்கு இன்னும் இரண்டு, மூன்று மீட்டர் சேர்த்துக்கொள்ளலாம்.

மரத்தை வெட்டவோ, டிஷ்சைத் தோட்டத்தின் மறுகோடிக்குக் கொண்டுபோய் நூறு மீட்டர் கேபிள் இழுக்கவோ பல இடங்களில் தேவையே இராது என்பதை இக்கணக்கு காட்டுகிறது. மற்ற டிடிஎச் நிறுவனங்கள் வேறு செயற்கைக்கோள்களைப் பயன்படுத்துவதால் அவற்றுக்கு இக்கோணங்கள் மாறுபடும். கணக்கிடும் முறை ஒன்றே.

மூடுபனியும் ஈரமும்

பனி இறங்கியதால் படம் போய்விட்டது என்று மலையில் சொல்லக் கேட்கலாம். மூடுபனியின் நீர்த்துளிகள் மிக நுண்ணியவை. 11 ஜிகாஹெர்ட்ஸ் அலைகளை அவை மிகச் சிறிதளவே குறைக்கின்றன. கனமழையின் பெரிய துளிகள்தான் அலைகளைக் குறிப்பிடத்தக்க அளவில் தடுக்கின்றன. மழை ஓய்ந்ததும் படம் திரும்பினால் அது இயற்கைத் தடை; எந்தக் கேபிளாலும் அதைத் தீர்க்க முடியாது. மழை நின்று பல மணி நேரம் ஆகியும் படம் திரும்பாவிட்டால், முனையில் நீர் புகுந்திருப்பதாகக் கருதலாம். பனிக்காலத்தில் படம் போவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

இதைத் தடுக்கும் வழிகள் செலவு குறைந்தவை.

முதலாவதாக, எல்என்பியிலிருந்து செட் டாப் பாக்ஸ் வரை கேபிள் ஒரே துண்டாக இருக்க வேண்டும். இடையில் ஒட்டுப் போட்ட ஒவ்வோர் இடமும் நீர் புகும் வாயில். மீதமிருக்கும் துண்டுகளை இணைத்துச் சேமிக்கும் பணம் ஒரே மழைக்காலத்தில் பழுதுபார்க்கும் கூலியாகப் போய்விடும்.

இரண்டாவதாக, முனைகளில் கையால் திருகி மாட்டும் எஃப் கனெக்டருக்குப் பதிலாக, கருவி கொண்டு அழுத்திப் பொருத்தும் கனெக்டரைக் கேட்டு வாங்க வேண்டும். விலை வேறுபாடு மிகச் சிறிது. திருகு வகை காலப்போக்கில் தளர்ந்து ஈரத்தை உள்ளே விடும். பொருத்திய பிறகு அதன்மேல் ரப்பர் உறையோ, தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்போ சுற்ற வேண்டும். மின்பணிக்கான சாதாரண கறுப்பு டேப் வெயிலில் பசை உருகிப் பிரிந்துவிடும்.

மூன்றாவதாக, கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன் அதைக் கீழ்நோக்கி வளைத்துப் பிறகு மேலேற்ற வேண்டும். கேபிள் வழியே வழிந்து வரும் நீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், சுவருக்குள் வராது. எல்என்பி அருகிலும் இதே போன்ற வளைவு தேவை.

நான்காவதாக, வெளியே செல்லும் பகுதிக்குக் கறுப்பு பாலித்தீன் உறை கொண்ட கேபிள் ஏற்றது. வெள்ளை உறை வீட்டுக்குள் அழகாக இருக்கும். வெயிலில் விரைவில் வெடிக்கும். குரங்குகள் வரும் இடங்களில் கேபிளைப் பிவிசி குழாய்க்குள் விட்டு, குழாயின் திறந்த முனை கீழ்நோக்கி இருக்குமாறு பொருத்தலாம். கேபிளை மடித்து ஆணி அடிக்கக் கூடாது. வளைவின் ஆரம் கேபிள் தடிமனைப் போல் பத்து மடங்காவது, அதாவது ஏழு சென்டிமீட்டர் அளவுக்கு இருக்க வேண்டும்.

ஆபரேட்டர் வழியாகக் கேபிள் இணைப்பு பெறும் வீடுகளில் ஸ்பிளிட்டர் கவனத்துக்குரியது. இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஒவ்வொரு கிளையிலும் திறனைப் பாதிக்கும் சற்றுக் குறைவாக ஆக்கிவிடும். ஒரே பெட்டி உள்ள வீட்டில் பழைய ஸ்பிளிட்டர் தேவையின்றி இருந்தால் அதை எடுத்துவிடுவதே செலவில்லாத மேம்பாடு.

பழுது எங்கே என்று அறிதல்

படம் கட்டம் கட்டமாக உடைந்தால் எச்டிஎம்ஐ கேபிளை மாற்றச் சொல்வோர் உண்டு. புதிய கேபிள் வாங்கும் முன் ஒரு சோதனை செய்யலாம். ரிமோட்டில் மெனு பட்டனை அழுத்தி, செட் டாப் பாக்சின் சொந்தப் பட்டியலைத் திரையில் வரவழைக்க வேண்டும். அப்பட்டியல் செட் டாப் பாக்சுக்குள்ளேயே உருவாவது, டிஷ்சிலிருந்து வருவதன்று. பட்டியல் தெளிவாகத் தெரிந்து, சேனல் படம் மட்டும் உடைந்தால், பழுது டிஷ், எல்என்பி, வெளிக்கேபிள், முனைகள் ஆகியவற்றில் இருக்கிறது. எச்டிஎம்ஐ கேபிள் நலமாகவே உள்ளது. பட்டியலிலும் வெள்ளைப் புள்ளிகள் மின்னினாலோ, திரை விட்டு விட்டு இருண்டாலோ எச்டிஎம்ஐ கேபிளையும் அதன் துளையையும் ஐயுறலாம். அப்போதும் முதலில் கேபிளைக் கழற்றி மறுபடி இறுக்கமாகச் செருகிப் பார்க்க வேண்டும்.

மின்னலும் எர்த்தும்

உயரமான இடத்தில் நிற்கும் டிஷ்சும் அதிலிருந்து வரும் நீண்ட கேபிளும் மின்னல் ஆற்றல் வீட்டுக்குள் வரும் பாதையாகலாம். மின்னல் நேரடியாக டிஷ்சின்மேல் விழ வேண்டும் என்பதில்லை; அருகில் விழுந்தாலும் கேபிளில் உயர் மின்னழுத்தம் தூண்டப்படும். அது எச்டிஎம்ஐ வழியாகத் தொலைக்காட்சிக்கும் பரவும்.

சேர்வராயன் மலை சார்னோக்கைட் என்ற கடும்பாறையால் ஆனது. மேலே பாக்சைட் படிவுகளும் உள்ளன. பாறை நிலத்தில் எர்த் கம்பியை ஆழமாக இறக்குவது கடினம். மண்ணின் மின்தடையும் அதிகம். எனவே டிஷ்சுக்குத் தனியாக ஒரு சிறு கம்பியை நட்டுவிட்டுப் பாதுகாப்பு என்று எண்ணுவது தவறு. டிஷ்சின் எர்த், கேபிள் உறையின் எர்த், வீட்டு மின்னிணைப்பின் எர்த் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இணைக்கப்பட வேண்டும். தனித்தனியாக இருந்தால் இடியின்போது அவற்றுக்கிடையே பெரும் மின்னழுத்த வேறுபாடு தோன்றி, அது தொலைக்காட்சி வழியாகவோ அதைத் தொடுபவர் வழியாகவோ பாயும். இப்பணியை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே விட வேண்டும்.

இவை எல்லாம் இருந்தாலும் நேரடி மின்னலை எந்தக் கருவியும் முழுமையாகத் தடுக்காது. இடி கேட்பதற்கு முன்பே, மேகம் கருக்கும்போது, மின்பிளக்கையும் டிஷ் கேபிளையும் கழற்றிவிடுவது செலவில்லாத சிறந்த வழி. ரிமோட்டில் அணைப்பதோ சுவிட்சை மட்டும் நிறுத்துவதோ போதாது. டிஷ் கேபிள் அப்போதும் இணைப்பில்தான் இருக்கும். இடி தொடங்கிய பின் கேபிளைத் தொடக் கூடாது. பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லித் தர வேண்டும்.

இணையம் வழிப் பார்ப்போருக்கு

பழைய கருங்கல் வீடுகளின் தடித்த சுவர்கள் வைஃபை அலையைப் பெரிதும் குறைக்கின்றன. படம் அடிக்கடி நின்று சுழன்றால், ரவுட்டரிலிருந்து பெட்டிக்கு ஒரு லேன் கேபிள் இழுப்பது நல்லது. கேட்-5இ வகை 100 மீட்டர் வரை நொடிக்கு ஒரு ஜிகாபிட் தாங்கும். எச்டி படத்துக்கு நொடிக்கு ஐந்து மெகாபிட் அளவே தேவைப்படுவதால், இதற்கு மேற்பட்ட வகைகளுக்குச் செலவிட வேண்டியதில்லை. கம்பி முழுச் செம்பாக இருப்பது நல்லது. செம்பு பூசிய அலுமினியமும் விற்கப்படுகிறது. நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெண்மையாகத் தெரியும்.

கடைக்குச் செல்லும் முன்

தொலைக்காட்சியின் பின்புறத்தில் எத்தனை எச்டிஎம்ஐ துளைகள் உள்ளன, செட் டாப் பாக்ஸ் எச்டி வகையா, இரண்டுக்கும் இடையே எத்தனை மீட்டர் என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். டிஷ் இருக்கும் இடத்திலிருந்து சுவர் வழியாகக் கேபிள் செல்லும் பாதையைக் கயிற்றால் அளந்து, வளைவுகளுக்காக இரண்டு மீட்டர் கூட்டிக்கொள்ளலாம். பிறகு வாங்க வேண்டியவை: ஒன்றரை மீட்டர் 'ஹை ஸ்பீடு' எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று, தேவையான நீளத்துக்குக் கறுப்பு உறையுள்ள ஆர்ஜி-6 கேபிள் ஒரே துண்டாக, அழுத்திப் பொருத்தும் எஃப் கனெக்டர்கள் இரண்டும், உபரியாக இரண்டும், ரப்பர் டேப் ஒரு சுருள், தேவையானால் பிவிசி குழாய்.

செட் டாப் பாக்ஸ் எச்டி வகையாக இருந்து, அது ஏற்கெனவே எச்டிஎம்ஐ கேபிளில் இணைக்கப்பட்டு, படம் தெளிவாக வந்துகொண்டிருந்தால் எதையும் மாற்ற வேண்டியதில்லை. அத்தகைய வீட்டில் மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை வெளிமுனைகளைப் பார்த்து, தளர்ந்த டேப்பைப் புதிதாகச் சுற்றினாலே போதும்.